உன்ர பாட்டுப் போகுது, கேள்

முன்னுக்கு வந்து இரும் தம்பி. பெட்டி பின் சீற்றிலை கிடக்கட்டும். பெல்ட்டைப் போட்டீரோ? இந்த மழைக்கு இனி ரயில் ஓடாது. தண்டவாளம் கடலுக்குப் பக்கத்தாலை போகுது, அலை அடிச்சுக் கல்லெல்லாம் மேலை வந்து கிடக்காம். ஒரு ஆளைக் கொண்டுவந்து செஸ்ரரிலை இறக்கிப்போட்டு வெறுங்காரோடை திரும்ப வெளிக்கிட்டனான். எத்தினை வெள்ளையள் கையைக் காட்டினதுகள். நான் உம்மடை முகத்தைக் கண்டுதான் நிப்பாட்டினனான். எவ்விடம் நீர்? கிளிநொச்சியோ. நல்லது நல்லது. இந்தாரும், தோடம்பழ இனிப்பு, வாயிலை போடும். கனடாவிலை இருந்து அத்தான் அனுப்பினவர்.

நான் சுழிபுரம். பேர் குணராசா. இங்கை ஒருத்தற்ரை வாயிலும் அது நுழையாது. இந்த வேல்ஸ் நாட்டு வெல்ஷ் சனத்திட்டை ஒரு பழக்கம் இருக்கு, ஆளின்ர பேரோடை அவன்ர தொழிலையும் சேத்துத்தான் கூப்பிடுங்கள். ஊர் முழுக்க ஜோன்ஸ், அப்ப பால்காரன் ஜோன்ஸ், இறைச்சிக்கடை ஜோன்ஸ் எண்டு சொன்னாத்தானே ஆளைப் பிடிக்கலாம். நான் குணா ரக்ஸி. செத்தாலும் கல்லறையிலை குணா ரக்ஸி எண்டுதான் வெட்டுவாங்கள்.

பாங்கர் ஆஸ்பத்திரிக்குத்தானே? புது டொக்டரோ. அதுதான் முகத்திலை ஒரு அந்தரம். பயப்படாதையும், நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவன். இந்த ரோட்டு எனக்கு நித்திரையிலையும் தெரியும்.

ரேடியோவையோ? இல்லைத் தம்பி, குறை நினைக்காதையும். சத்தத்தைக் குறைக்கிறன், நிப்பாட்ட மாட்டன். உது வெல்ஷ் ரேடியோ. எனக்கு ஒரு கோதாரியும் விளங்காது. விளங்காத ரேடியோவை ஏன் நாள் முழுக்கப் போட்டு வைச்சிருக்கிறாய் எண்டு ஏறுற சனமெல்லாம் கேக்கும். என்ர மகளின்ர பாட்டு எப்ப போகும் எண்டு ஆருக்குத் தெரியும்? மழை நாளிலை போட்டாலும் போடுவினம்.

ஓம், என்ர மகள்தான். ஆரணி. இங்கை பிறந்த பிள்ளை. இங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை எல்லாப் பாடமும் வெல்ஷிலைதான். நாலு வயசிலை வீட்டை வந்து பொம்மையோடை வெல்ஷ் கதைக்குது. மனிசி பயந்துபோனா, பிள்ளைக்கு என்னவோ பிடிச்சிட்டுது எண்டு. என்னோடை தமிழ்தான். ஆனா என்னோடை கனக்கக் கதைக்க மாட்டாள். தாயோடைதான் எல்லாக் கதையும். குசினிக்குள்ளை இரண்டு பேரும் குசுகுசு எண்டு கதைச்சுக்கொண்டு இருப்பினம், நான் போனால் நிப்பாட்டிப்போடுவினம். எனக்கு அது வித்தியாசமாப் படேல்லை. பொம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தானே.

பள்ளிக்கூடம் முடிச்ச கையோடை நாலு பேராச் சேந்து ஒரு கோஷ்டி துவங்கிச்சுதுகள். பான்ட் எண்டு சொல்லுவினம், எங்கடை ஊரிலை கோஷ்டி எண்டுதானே சொல்லுறனாங்கள். ஈவான் எண்டொரு பெடியன் கிற்றார். கெத்தின் எண்டு மற்றவன், அவனும் கிற்றார்தான், தடிச்ச கம்பி. லௌரி எண்ட பெட்டை மேளம், ட்ரம்ஸ். அடிச்சாளெண்டால் கராச் கதவு கழரும். ஆரணிதான் பாட்டு எழுதுறது, பாடுறது. என்ர கராச்சுக்குள்ளைதான் பழகினதுகள், என்ர காரிலைதான் ஊரூராப் போனதுகள். மேளத்தைக் கூரையிலை கட்டிக்கொண்டு இந்த மலையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறன். ஆடு மாத்திரம் நிண்டு கேட்ட கச்சேரியும் நடந்திருக்கு. கோஷ்டியின்ர பேர் பெட்வார் ட்ரூஸ். வெல்ஷிலை நாலு கதவு எண்டு அர்த்தமாம். என்ர காருக்கும் நாலு கதவுதானே. அவள் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை, ஆனா எனக்குத் தெரியும்.

முதல் தரம் ரேடியோவிலை பாட்டுப் போன அண்டு நான் ஸ்ரேசன் வாசலிலை வரிசையிலை நிக்கிறன். மனிசி போன் எடுக்கிறா. 'இஞ்சேருங்கோ, போடுங்கோ போடுங்கோ' எண்டு அவ்வளவுதான், மிச்சம் அழுகை. நான் நாலு கண்ணாடியையும் இறக்கிச் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டன். மற்ற ரக்ஸிக்காரங்கள் எல்லாரும் வந்து சுத்தி நிண்டாங்கள். பாட்டு முடியக் கை தட்டினாங்கள். வீட்டை போனால் மீன் கருகிக் கரியாக் கிடக்கு. இரண்டு பேரும் பாணும் சம்பலும் சாப்பிட்டுச் சிரிச்ச சிரிப்பு. அப்பிடி ஒரு நாள் எனக்குப் பேந்து வரேல்லைத் தம்பி.

என்ன, அந்தப் போர்டோ? அது வேறை ரோட்டு, பாங்கருக்கு இன்னும் கிடக்கு. நீர் சும்மா சாஞ்சிரும்.

அந்தப் பாட்டிலை ஒரு சொல் எனக்கு விளங்கும். அப்பா. வெல்ஷாப் போய்க்கொண்டே இருக்கும், திடீரெண்டு 'உஷ்' எண்டு வரும், பேந்து 'அப்பா' எண்டு வரும். அந்த உஷ், வாயாலை போடுற ஒரு தாளம். வடிவான தாளம். வெள்ளைக்காரப் பெடி பெட்டையள் ஆயிரக்கணக்கிலை நிண்டு அப்பா, அப்பா எண்டு கத்துறதை நான் என்ர கண்ணாலை கண்டனான். சுழிபுரத்திலை ஆருக்குக் கிடைச்சிருக்கு இந்தக் கொடுப்பினை?

அதுக்குப் பிறகு லண்டன் ரேடியோவிலையும் ஒரு பின்னேரம் போச்சு. லண்டனிலை வெல்ஷ் பாட்டுப் போடுறது எண்டால் லேசுப்பட்ட விஷயமில்லை. இங்கத்தைக் கோஷ்டியள் எல்லாத்துக்கும் இதுதான் பெரிய வில்லங்கம். இங்கிலிசிலை பாடு, போடுறம் எண்டு சொல்லுவாங்களாம். ஈவானுக்கு இங்கிலிசுக்கு மாற விருப்பம். ஆரணி மாட்டன் எண்டிட்டாள். இந்தப் பாட்டை வேறை பாஷையிலை சொல்ல ஏலாது எண்டு சொன்னாளாம். தாய்தான் எனக்குச் சொன்னவ. அப்ப லண்டனிலை இருந்து ஒராள், பாட்டுக் கொம்பனியிலை பெரிய ஆளாம், வருஷக் கடைசிக் கச்சேரிக்கு வந்து இவையைப் பாக்கிறதா இருந்தது. அந்தக் கச்சேரிக்குப் போறதெண்டால் இந்த ரேடியோ நடத்துற போட்டியிலை முதலாவதா வரவேணும். கேக்கிற சனம் போன் எடுத்து வோட்டுப் போடவேணும்.

வோட்டு எண்டதும் உமக்கு விளங்கியிருக்குமே. எங்கடை சனத்துக்கு இது பழகின வேலை. ரிவியிலை எங்கடை பிள்ளை ஒண்டு பாட்டுப் போட்டியிலை நிண்டால் ஒஸ்லோவிலை இருந்து மெல்பேண் மட்டும் வேலையை விட்டிட்டு வோட்டுப் போடுறதில்லையே? நாடில்லாத சனத்திட்டை வேறை என்ன கிடக்கு? போன் கிடக்கு. நான் ஊர்ச் சங்கத்துக்கு எழுதினன், ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் எழுதினன். 'எங்கள் ஊர்ப் பிள்ளை வெள்ளைக்காரனின் வானொலியில் முதலிடம் பெற உதவுங்கள்' எண்டு. வோட்டுப் போடேக்கை வெல்ஷிலை சொல்லவேண்டிய வசனத்தைக் கெத்தினிட்டைக் கேட்டன். அவன் ஏதோ பகிடி எண்டு நினைச்சுச் சொல்லித் தந்தவன். அதைத் தமிழ் எழுத்திலை எழுதி எல்லாருக்கும் அனுப்பினன். எத்தினை கை மாறிப் போச்சுதோ தெரியாது, இந்தியாவிலை ஆரோ ஒரு கோயில் ஐயரும் போட்டவராம்.

அந்த நாளுகளிலை ஒருக்கா ஆரணி கராச் வாசலிலை வந்து நிண்டவள். 'அப்பா, இந்தப் போட்டி விஷயத்திலை நீங்கள்...' எண்டு ஏதோ துவங்கினாள். நான் அப்ப கனடாவிலை ஸ்காபரோச் சங்கத்தோடை போனிலை நிக்கிறன். கையாலை பொறு எண்டு காட்டினன். திரும்பிப் பாக்க ஆளைக் காணேல்லை. நன்றி சொல்ல வந்திருப்பாள்.

பின்னேர நிகழ்ச்சியிலை மெரெரிட் எண்டொரு அறிவிப்பாளர் பிள்ளை வோட்டுப் போடுற ஆக்களோடை நேரடியாக் கதைக்கும். ஒருநாள் சிவபாதம் அத்தான்ர போன் அதுக்கு விழுந்திட்டுது. இந்த இனிப்பு அனுப்பின அத்தான்தான். அவர் வசனத்தை வாசிச்சார். வடிவா வாசிச்சார். அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டு வெல்ஷிலை ஏதோ கேட்டுது. அத்தான் அதே வசனத்தைத் திருப்பி வாசிச்சார். பேந்தும் கேட்டுது. அத்தான் இன்னும் பலத்து வாசிச்சார். கடைசியிலை அது இங்கிலிசிலை, பாட்டிலை எந்த வரி உங்களுக்குப் பிடிச்சது எண்டு கேட்டுது. 'எல்லாம் பிடிக்கும், அவள் எங்கடை குணராசாவின்ர பெட்டை' எண்டு அத்தான் தமிழிலை சொன்னார். பின்னாலை நிண்டு மச்சாள் 'சோறு ஆறுது, வாங்கோ' எண்டு கூப்பிட்டதும் சேந்து ரேடியோவிலை போச்சு. அந்த ரேடியோவிலை எனக்கு முழுசா விளங்கின வசனங்கள் அந்த இரண்டும்தான். நான் காரை ஓரம்கட்டிப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சன்.

அடுத்தநாள் எல்லாம் தலைகீழாப் போச்சு. எங்கையிருந்து போன் வந்தது எண்டு பாத்திருக்கிறாங்கள். இங்கை வெல்ஷ் கதைக்கிற சனத்தின்ர வோட்டைவிட எங்கடை வோட்டுக் கூடிப்போச்சாம். கள்ள வோட்டு எண்டு சொல்லிக் கோஷ்டியைப் போட்டியிலை இருந்து எடுத்துப்போட்டாங்கள். கள்ள வோட்டாம். ஒவ்வொருத்தரும் தன்ர சொந்தப் போனிலை, சொந்த வாயாலை போட்ட வோட்டு. பாஷை தெரியாதவன் பாட்டை விரும்பக்கூடாது எண்டு எந்தச் சட்டத்திலை எழுதிக் கிடக்கு? எனக்குத் தெரியுமே வெல்ஷ்? எனக்கு அந்தப் பாட்டுப் பிடிச்சுதுதானே?

இதைக் கேளும், இதுதான் பெரிய அநியாயம். எங்கடை வோட்டு முழுக்கக் கழிச்சுப் பாத்தாலும் இவைதான் முதலாவதாம். இந்த ஊர்ச் சனமே அவ்வளவு போட்டிருக்காம். கெத்தின் பேந்து சொன்னவன். அப்ப பாரும், தானா முதலாவது வந்த பிள்ளையை இவங்கள் தள்ளிப்போட்டாங்கள். எரிச்சல், வேறை என்ன. கறுப்புப் பிள்ளை தங்கடை பாஷையிலை பாடி மேலை வந்திட்டுது எண்ட எரிச்சல். நான் ரேடியோ வாசலுக்கே போய்ச் சத்தம் போட்டனான். அதையும் ஆரோ படம் பிடிச்சுப் போட்டு ஊரெல்லாம் பாத்துது. ஆரணியும் பாத்திருப்பாள். தகப்பன் விட்டுக்குடுக்கேல்லை எண்டு தெரிஞ்சிருக்கும்.

லண்டன்காரன் வரேல்லை. ஈவான் ஒருநாள் மழைக்குள்ளை வந்து தன்ர சாமானை எடுத்துக்கொண்டு போனான். உள்ளுக்கு வா எண்டன், வரேல்லை. 'மிஸ்ரர் குணா, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும்' எண்டான். மரியாதையான பெடியன். ஆனா என்ர முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. ஆரணி மேலை அறைக்குள்ளை இருந்தவள், இறங்கி வரேல்லை. கொஞ்ச நாளாலை கிளாஸ்கோ போயிட்டாள். அங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலை வேலை. பாடுறதில்லையாம். நான் கராச்சைப் பூட்டினது பூட்டினதுதான்.

கிளிநொச்சி எண்டு சொன்னனீரல்லே. அப்ப வன்னி உமக்குத் தெரியும். என்ர தங்கச்சி குடும்பம் புதுக்குடியிருப்பிலை. கடைசிச் சண்டை நடக்கேக்கை ஆரணிக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்தாலை ஏத்திக்கொண்டு வருவன், காரிலை தமிழ் ரேடியோ, லண்டனிலை இருந்து போன் வழியாக் கேக்கிறது. எந்த இடத்திலை செல்குண்டு விழுந்தது, எத்தினை பேர், ஆர் ஆர். ஒரு சொல்லு விட்டாலும் தங்கச்சியின்ர பேரை விட்டிடுவன் எண்டு ஒரு நடுக்கம். பிள்ளை பின்னுக்கு இருந்து பள்ளிக்கூடக் கதை ஏதும் எடுக்கும். 'உஷ், செய்தி போகுது' எண்டு சொல்லுவன். பாவம், உடனை வாயை மூடிப்போடும். நல்ல சொல்வழி கேக்கிற பிள்ளை. தங்கச்சியின்ர பேர் ஒரு செய்தியிலும் வரேல்லைத் தம்பி. உயிரோடை வந்த ஆக்களின்ர பேரிலும் வரேல்லை, செத்த ஆக்களின்ர பேரிலும் வரேல்லை. இண்டைக்கும் அப்பிடியேதான் கிடக்கு.

என்ன? நீரும் அங்கையோ இருந்தனீர்? பொறும், நான் இதைச் சொல்லி முடிக்கிறன், இல்லாட்டி விட்டிடுவன்.

ஆரணி கிளாஸ்கோ போனாப் பிறகு மனிசிக்கு வருத்தம் வந்தது. வயித்துக்குள்ளை. கண்டுபிடிக்கேக்கை எல்லாம் பரவிப்போச்சு. உம்மடை ஆஸ்பத்திரியிலைதான் வைச்சிருந்தது, நல்லாப் பாத்தவை. மகளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது. ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை எண்டு மனிசியின்ர கட்டில் பக்கத்திலை நிண்டு கேட்டன். 'சொல்லத்தான் வந்தனான், நீங்கள் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தீங்கள்' எண்டா. கோபமாச் சொல்லேல்லை. மழை பெய்யுது எண்டு சொல்லுறமாதிரிச் சொன்னா. நான் என்ன தம்பி செய்யிறது, மகளின்ர பாட்டுப் போகுமோ எண்டுதானே கேட்டுக்கொண்டு இருந்தனான். அவ போய்ச் சேந்திட்டா. வீட்டுக்குள்ளை இப்ப என்ர செருப்புச் சத்தம் எனக்கே பெரிசாக் கேக்குது.

அந்தப் பாட்டின்ர கருத்தை எனக்குச் சொன்னது நெஸ்தா எண்டொரு கிழவி. ஆரணிக்குச் சின்ன வகுப்பிலை படிப்பிச்ச ரீச்சர். சந்தைக்கு என்ர காரிலைதான் போய் வருவா. போட்டிக்கு முன்னம் ஒருநாள் காரிலை அந்தப் பாட்டுப் போச்சு, இதிலை என்ன சொல்லுறாள் எண்டு கேட்டன். கிழவி சொன்னா. ஒரு சின்னப் பிள்ளை கார் பின் சீற்றிலை இருக்குதாம். தகப்பன் ஓட்டுறார். ரேடியோ அது காணாத ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இருக்கு. பிள்ளையிட்டை ஒரு கதை இருக்கு. செய்தி முடியச் சொல்லுவம் எண்டு காத்துக்கொண்டு இருக்குதாம். வீடு வந்திடுதாம். சொல்லிப்போட்டுக் கிழவி கண்ணைத் துடைச்சா. இளகின மனம் அவவுக்கு. எனக்கும் கண் கலங்கிப்போச்சு. பாரும், கார், ரேடியோ, நான், எல்லாத்தையும் வைச்சு எழுதியிருக்கிறாள். எந்தப் பிள்ளை தகப்பனுக்கு ஒரு பாட்டு எழுதும்?

மனிசியின்ர முதல் வருஷத் திவசத்துக்கு ஆரணி வந்தவள். ஐயர் மன்செஸ்ரரிலை இருந்து வந்து செய்து தந்தார். மகள்தான் தாயின்ர பக்குவத்திலை எல்லாம் சமைச்சவள். அடுத்தநாள் திரும்பிப் போகேக்கை, செஸ்ரர் மட்டும் நானே கொண்டுபோய் விடுறன் எண்டு வற்புறுத்தி ஏத்தினன். இதே ரோட்டுத்தான். நீர் இருக்கிற சீற்றிலைதான் இருந்தவள். பாதி ரோட்டுப் போன பிறகு சொன்னாள்:

'அப்பா, நான் உங்களோடை ஒண்டு கதைக்கவேணும். அம்மா இருக்கேக்கையே கதைச்சிருக்கவேணும்.'

தம்பி, என்ன அதிசயம் எண்டு கேளும். அவள் அந்தச் சொல்லைச் சொல்லி வாய் மூடேல்லை, ரேடியோவிலை அவளின்ர பாட்டு. வருஷக்கணக்காப் போடாத பாட்டு. தாய்தான் அனுப்பிவிட்டமாதிரி.

'பொறு பிள்ளை, உன்ர பாட்டுப் போகுது, கேள்' எண்டு சொல்லிச் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டன்.

அவள் என்னைத் திரும்பிப் பாத்தாள். பேந்து சிரிச்சாள். அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம். பேந்து கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு இருந்தாள். சந்தோஷம் வந்தால் அழுகிறது தாயின்ர குணம். பாட்டு முடிய, என்ன பிள்ளை சொல்ல வந்தனீ எண்டு கேட்டன். 'ஒண்டுமில்லை அப்பா' எண்டாள். ஸ்ரேசனிலை இறங்கி என்ர கன்னத்தைத் தடவி, வடிவாச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாள்.

அதுக்குப் பிறகு வரேல்லை. போன் எடுத்தால் எடுக்கிறாளில்லை. இடைக்கிடை மெசேஜ் வரும், 'சுகம் அப்பா, நீங்கள்?' எண்டு. அவ்வளவுதான். அவள் என்ன சொல்ல வந்தவள் எண்டு நான் யோசிக்காத நாள் இல்லை. கலியாண விஷயமோ, காசு ஏதும் தேவையோ, வருத்தம் ஏதுமோ. தாயும் இல்லைக் கேக்கிறதுக்கு. அவளின்ர குரல் எண்டு எனக்கு மிஞ்சினது உந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கிறதுதான். அதை நிப்பாட்டச் சொன்னால் நான் என்னண்டு தம்பி நிப்பாட்டுறது?

கண்ணாடியிலை பனிப்புகார் மூடுது, உந்தத் துணியை எடுத்து உம்மடை பக்கத்தை ஒருக்காத் துடைச்சுவிடும். என்ன, உதிலை ஏதும்...

உஷ்.

மெரெரிட்டின்ர குரல். பெட்வார் ட்ரூஸ் எண்டுது. உதுதான் தம்பி, உதுதான். சொன்னனானல்லே, மழை நாளிலை போடுவினம் எண்டு. இப்ப அப்பா எண்டு வரும், கேளும். இல்லை, இப்ப ஒண்டும் கதைக்காதையும், கையைக் காட்டாதையும், இது முடியட்டும். கேளும் வடிவா.

கேட்டீரே? என்ன குரல்.

அட. உது பாலமல்லே. கடலுக்கு மேலை நிக்கிறம். ஆஸ்பத்திரித் திருப்பம் எப்பவோ பின்னாலை போயிட்டுதே, இனிப் பாலத்துக்கு அங்காலை கிடக்கிற தீவுக்குப் போய்த்தான் திரும்பவேணும். உமக்கு நேரம் போகப்போகுது. போர்டைக் கண்டிருப்பீர்தானே, ஏன் தம்பி ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

சொன்னனீரே? எப்ப?